ஒரே சாம்பல் நூல், ஒரு பெட்ஷீட்டில் ரோஸ் அடிக்கிறது, இன்னொன்றில் பச்சை அடிக்கிறது. ஏன்?

தறிக்குழி (சென்னிமலை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு ஆறு தறி ஓடுகிறது, எல்லாம் பெட்ஷீட்தான். அப்பாரு காலத்தில் இருந்து செய்கிற தொழில், நான் பொறுப்பெடுத்தே 15 வருசம் ஆகிறது, நிறத்தில் இப்படி ஒரு குழப்பம் இதுவரை வந்ததில்லை.

போன மாதம் ஈரோட்டில் ஒரு கடைக்கு இரண்டு டிசைன் நெய்து கொடுத்தோம். இரண்டிலும் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) இரண்டே நிறம், இலைப்பச்சையும் சாம்பலும். ஊடை (குறுக்கே ஓடுவது) இரண்டுக்கும் அதே சாம்பல். முதல் டிசைனில் நாலு அங்குலம் பச்சைப் பட்டை, அப்புறம் இரண்டு அங்குலம் சாம்பல் பட்டை, இப்படி மாறி மாறி வரும். இரண்டாவது பொடிக்கோடு: நாலு இழை பச்சை, நாலு இழை சாம்பல், துணி முழுக்க அதேதான். சாம்பல் நூல் அத்தனையும் ஒரே சாயப்பட்டறையில் ஒரே தொட்டியில் ஒரே நாளில் முக்கினது. சிட்டத்தை, அதாவது நூல்கட்டை, கொண்டுவந்து மூங்கிலில் போட்டுக் காய வைத்ததே நான்தான்.

கடைக்காரர் இரண்டையும் மேசையில் விரித்த உடனே, "என்னுங்க, ரெண்டு லாட்டுச் சாயத்தைக் கலந்து நெய்துட்டீங்களே" என்றார், அதாவது வேறு வேறு தடவை சாயம் முக்கின நூலாம். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் குனிந்து பார்த்தால் அவர் சொல்வது உண்மைதான். அகலப் பட்டையில் சாம்பல் லேசாக ரோஸ் கலந்த மாதிரி இருக்கிறது. பொடிக்கோட்டில் அதே சாம்பல் பாசி படிந்த மாதிரி பச்சையடிக்கிறது. போனில் படம் எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். மீதி இருந்த ஒரு சிட்டத்தை எடுத்துப் போய் அகலப் பட்டை மேல் வைத்தால் ஒத்துப்போகிறது, பொடிக்கோட்டின் மேல் வைத்தால் ஒத்துப்போகவே இல்லை. சரி, பொடிக்கோட்டுக்குப் போன நூல்தான் வேறு லாட் என்று முடிவு கட்டி, பட்டறைக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். 20 வருசப் பழக்கம். அந்த மனுசன் சாமி மேல் சத்தியம் பண்ணுகிறார், ஒரே தொட்டி என்று. கடையில் பில் தொகையில் பிடித்துக்கொண்டார்கள், அது ஒரு பக்கம்.

ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தால் எனக்கே சந்தேகம். நூலில் கோளாறா, வெளிச்சத்தில் கோளாறா, இல்லை என் கண்ணில் கோளாறா? பச்சைக்குப் பக்கத்தில் இருப்பதால் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒன்றில் பச்சையடித்து இன்னொன்றில் அதற்கு நேர்மாறாக ரோஸ் அடிப்பது எப்படி? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஷேடு லேப் (திருப்பூர்)

அண்ணா, பட்டறைக்காரரிடம் மறுபடியும் போவதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் பொறுங்கள். இங்கே ஒரு டையிங் யூனிட் லேப்பில் ஷேடு, அதாவது நிறம் ஒத்துப்போகிறதா என்று, பார்ப்பதுதான் 11 வருசமாக என் வேலை. நீங்கள் சொல்வதைப் படித்தால் லாட் மாறியது போலத் தெரியவில்லை.

வெளிச்சத்தை முதலில் கழித்துவிடலாம். வெவ்வேறு சாயங்களைக் கலந்து ஒரே நிறம் கொண்டுவந்தால், ஒரு விளக்கில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். அதற்காகத்தான் எங்களிடம் லைட் பாக்ஸ் என்று பல வகை விளக்கு வைத்த பெட்டி இருக்கிறது. டி65 என்றால் பகல் வெளிச்சம், டிஎல்84 என்றால் கடை டியூப்லைட், ஏ என்றால் பழைய குண்டு பல்பு. ஆனால் உங்களுடையது ஒரே தொட்டி, ஒரே சாயம், இரண்டு துணியும் ஒரே மேசையில் ஒரே விளக்கில் கிடந்தன. அதனால் அந்தக் காரணம் இங்கே நிற்காது.

மீதி இருப்பது பக்கத்து நிறம். நான் லேப்பில் சேர்ந்த முதல் வாரம் நல்ல சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு லைட் பாக்ஸ் முன்னால் போய் நின்றேன். மேனேஜர் ஒன்றும் திட்டவில்லை, ஆணியில் தொங்கிய சாம்பல் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பெட்டியின் உள்பக்கமும் மங்கிய சாம்பல் பெயின்ட்தான். சட்டைச் சிவப்பு துணி மேல் தெறிப்பது ஒன்று, ஓரத்தில் நிறம் இருந்தால் பார்க்கிறவன் தீர்ப்பே சாய்ந்துவிடும் என்பது இன்னொன்று. 11 வருசம் ஆகியும் எனக்கு அது சாய்கிறது. பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. இரண்டு பெட்ஷீட்டின் ஓரத்திலும் சாம்பல் பாவு இழையை மட்டும் முப்பது, நாற்பது உருவி எடுங்கள். ஒரு வெள்ளை அட்டையில் முதல் துணியின் இழையை நெருக்கமாகச் சுற்றி, அது முடிகிற இடத்தில் இடைவெளியே விடாமல் இரண்டாவது துணியின் இழையைச் சுற்றுங்கள். காலை 10, 11 மணிக்குத் திண்ணை நிழலில் வைத்துப் பாருங்கள், நேர் வெயில் வேண்டாம். இரண்டும் சேருகிற இடத்தில் கோடு தெரிந்தால் பட்டறைக்காரர் பொய் சொல்கிறார். தெரியாவிட்டால் நூல் ஒன்றுதான்.

சிட்டத்தைத் துணி மேல் வைத்துப் பார்த்தீர்களே, அதுதான் உங்களை ஏமாற்றியது. சிட்டம் கையளவு அகலம், அதுவும் ஒரு பட்டை மாதிரிதான், பச்சை மேல் வைத்த உடனே அதற்கும் ரோஸ் வந்துவிடும்.

மலைமுகம் (கோயம்புத்தூர்)

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், பார்வையை மனம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பது நான் பல வருசமாக எடுக்கிற பாடம். லேப் தம்பி சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். நூல் ஒன்றே என்று வைத்துக்கொண்டு மீதியைச் சொல்கிறேன்.

உங்கள் சண்டை புதியதில்லை. பாரிஸில் கோப்லான் என்று ஒரு பெரிய திரைச்சீலை நெசவுக்கூடம், அதன் சாயப் பிரிவுக்கு 1824ல் மிஷேல் யூஜின் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரைப் பொறுப்பாகப் போட்டார்கள். நெசவாளர்கள் வந்து, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைக்கிற கறுப்பு நூல் வலுவே இல்லாமல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் சொன்னார்கள். அவர் மற்ற பட்டறைகளின் கறுப்பு நூலை வாங்கிவந்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்தின் ஓரத்தில் கறுப்பை வைத்தால் நீலத்துக்கு எதிரான ஆரஞ்சுச் சாயல் கறுப்பின் மேல் ஏறுகிறது, அதனால்தான் வெளுத்துத் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். 1839ல் அதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். உங்கள் பட்டறைக்காரர் பக்கம் நின்று வாதாட ஓர் ஆள் அப்போதே இருந்திருக்கிறார். அகலப் பட்டையில் நடப்பது இதுதான். பச்சைக்கு எதிர்நிறம் ரோஸ் கலந்த சிவப்பு, அந்தச் சாயல் உங்கள் சாம்பல் மேல் ஏறுகிறது.

பொடிக்கோட்டில் ஏன் தலைகீழ்? அதுவும் தறியோடு சேர்ந்த கதைதான். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபான் பெட்சோல்ட் என்பவர், வானிலை ஆராய்ச்சியாளர், நிறம் பற்றி 1874ல் புத்தகம் எழுதியவர். கம்பள டிசைனில் ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் மற்ற எல்லா நிறமும் மாறியது போல ஆகிவிடுவதை எடுத்துச் சொன்னார். கோடு மெல்லியதாக, நெருக்கமாக இருந்தால் நிறங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்து நிற்பதில்லை, ஒன்றின் சாயல் மற்றதில் கலந்துவிடுகிறது. வெளிச்ச வித்தியாசத்தை எவ்வளவு பொடிசாக இருந்தாலும் பார்த்துவிடுகிறோம், நிற வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில்லை. டிவியும் ஜேபெக் படமும் இதை நம்பித்தான் நிற விவரத்தை மட்டும் குறைத்துச் சேமிக்கின்றன, யாரும் கண்டுபிடிப்பதில்லை. உங்கள் நாலு இழை இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். துணியைத் திண்ணையில் தொங்கவிட்டுவிட்டு ஏழெட்டு அடி, பத்து அடி பின்னால் போய்ப் பாருங்கள், சாம்பல் தனியாகத் தெரிகிறதா என்று.

இதை எல்லாரும் கண்ணின் ஏமாற்று வேலை என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கணக்குச் சொல்கிறேன். உச்சி வெயிலில் கிடக்கிற அடுப்புக்கரி, தன் மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 4 பங்கைத்தான் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் இருக்கிற வெள்ளைத்தாள் 80 பங்கை அனுப்பும். ஆனால் வெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வரை போகும், டியூப்லைட் போட்ட அறை 300 லக்ஸ் இருந்தால் அதிகம். பெருக்கிப் பாருங்கள், கரியிலிருந்து 4,000, தாளிலிருந்து 240. கண்ணுக்கு வருகிற ஒளியை மட்டும் மனம் அளந்துகொண்டிருந்தால் வெயிலில் கிடக்கும் கரி நமக்கு வெள்ளையாகவும் வீட்டுத் தாள் கறுப்பாகவும் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை, ஏனென்றால் மனம் ஒவ்வொன்றையும் அதன் அக்கம்பக்கத்தோடு வைத்து, எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, அதில் பொருளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துத்தான் தீர்ப்புச் சொல்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1860களிலேயே இதற்கு நாம் அறியாமல் எடுக்கிற அனுமானம் என்று பெயர் வைத்தார்.

நம் ஊரிலேயே பாருங்கள், மழை விட்ட காலையில் மருதமலை பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். மலை நகரவில்லை. தூரத்தில் இருப்பது மங்கலாக இருக்கும் என்று மனம் பழகி வைத்திருக்கிறது, மழை தூசியைக் கழுவிவிட்டதும் மங்கல் போய்விடுகிறது, உடனே கிட்டே இருக்கிறது என்று முடிவெடுக்கிறது. அந்த வழக்கம் வருசத்தில் 300 நாள் சரியான தூரத்தைச் சொல்லும்.

தறிக்குழி

செய்துவிட்டேன். இன்று காலை பத்தரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, தபால் அட்டை ஒன்றில் இரண்டு துணியின் இழையையும் லேப் தம்பி சொன்னபடி சுற்றினேன். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சுற்றின எனக்கே தெரியவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன், சம்சாரத்திடம் கொடுத்தேன், பள்ளிக்கூடம் போகிற பையனிடம் கொடுத்தேன். பையன் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு "ஒரே நூல்தானே" என்றான். பட்டறைக்காரரை நினைத்தால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மலைமுகம் சொன்னபடி துணியைத் தொங்கவிட்டு வாசல் வரைக்கும் பின்னால் போனேன். பொடிக்கோட்டில் சாம்பல் காணவே காணோம், மொத்தத் துணியும் மங்கின பச்சை. அகலப் பட்டை அப்படியே இருந்தது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அட்டை கையில் இருக்கிறது, ஒரே நூல் என்று சத்தியமாகத் தெரிந்துவிட்டது. ஆனாலும் துணியைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று ரோஸ், ஒன்று பச்சை. தெரிந்த பிறகும் ஏன் மாறவில்லை?

அமராவதிக்கரை (கரூர்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். துணியில் குறை கண்டுபிடிக்கிற கேமரா அமைப்பதுதான் என் வேலை, அதனால் கேட்கிறேன். இதற்கு மனம், தீர்ப்பு, அனுமானம் எல்லாம் எதற்கு? விழித்திரையிலேயே ஒரு செல் தூண்டப்பட்டால் பக்கத்துச் செல்லை அடக்குகிறது. ஹார்ட்லைன் என்ற விஞ்ஞானி குதிரைலாட நண்டின் கண்ணில் அதை அளந்து காட்டி 1967ல் நோபல் வாங்கினார். நாங்கள் படத்தைக் கூர்மையாக்கப் போடுகிற ஃபில்டரும் அதே கணக்குத்தான், பக்கத்துப் புள்ளியின் மதிப்பைக் கழிப்பது. பச்சைக்குப் பக்கத்தில் பச்சை கழிந்தால் மிஞ்சுவது ரோஸ். முடிந்தது. மூளை வரைக்கும் போக வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மலைமுகம்

அமராவதிக்கரை, நீங்கள் சொல்வது உண்மை, அது நடக்கத்தான் செய்கிறது. விழித்திரையில் ஒளியை வாங்குகிற செல்கள் 12 கோடிக்கு மேல், அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் 10 லட்சம் அளவுதான், அதனால் வித்தியாசத்தை மட்டும் பொறுக்கி அனுப்புகிற வேலை கண்ணிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கு நேர் எதிர் விடை தருகிற ஒரு படம் இருக்கிறது.

கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு துணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கறுப்புக் கோட்டில் நடுவே கொஞ்சத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சாம்பல் வைக்கிறோம். இன்னொரு இடத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை வெட்டி அதே சாம்பலை வைக்கிறோம். முதல் சாம்பலுக்கு இரண்டு பக்கமும் நீளமாக ஒட்டிக்கொண்டிருப்பது வெள்ளை. பக்கத்தைக் கழிக்கிற ஃபில்டர்படி அது இருட்டாகத் தெரிய வேண்டும். தெரிவதோ வெளிச்சமாக. மைக்கேல் ஒயிட் 1979ல் வெளியிட்டது இது. நிறத்தில் இதே மாதிரி ஒன்றை ஹான்ஸ் முங்கர் 1970ல் காட்டியிருக்கிறார். இதன் முழு விளக்கம் என்ன என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றைக்கும் வாதம் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்குச் சரியென்று படுவது கெஸ்டால்ட் என்ற ஜெர்மன் உளவியல் குழுக்காரர்கள் சொன்ன வழி. அவர்களில் ஒருவரான வெர்தைமரின் யோசனையை வைத்து பெனாரி என்பவர் 1924ல் ஒரு கறுப்புச் சிலுவையைக் காட்டினார். ஒரு சாம்பல் முக்கோணம் சிலுவையின் மேல் கிடக்கிறது, இன்னொன்று சிலுவையின் மூலையில் வெள்ளைப் பக்கம் கிடக்கிறது. இரண்டையும் தொடுகிற கறுப்பின் அளவும் வெள்ளையின் அளவும் ஒன்றுதான். ஆனாலும் சிலுவை மேல் இருப்பது வெளுப்பாகத் தெரிகிறது. ஏனென்றால் மனம் முதலில் எது எதோடு சேர்ந்தது என்று முடிவு கட்டுகிறது, அதற்கப்புறம்தான் அந்தக் கூட்டத்துக்குள் வைத்து நிறத்தைச் சொல்கிறது.

தறிக்குழி, உங்கள் கேள்விக்கும் இதிலேதான் விடை. எது எதோடு சேர்ந்தது என்கிற முடிவு நாம் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அட்டையில் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் அடெல்சன் 1995ல் செய்த சதுரங்கப் படத்தை நெட்டில் பார்த்திருப்பீர்கள், நிழலுக்குள் இருக்கிற வெள்ளைக் கட்டமும் வெளியே இருக்கிற கறுப்புக் கட்டமும் அச்சு அசலாக ஒரே சாம்பல். 20 வருசமாக வகுப்பில் காட்டுகிறேன், எனக்கு ஒருநாள்கூட அது ஒன்றாகத் தெரிந்ததில்லை. விரலால் சுற்றிலும் மறைத்தால் ஒன்றாகிவிடும், விரலை எடுத்தால் பழையபடி.

இந்தச் சேர்க்கிற வேலை பிறந்த உடனே முழுசாக வந்துவிடுவதும் இல்லை. பவன் சின்ஹா என்ற எம்ஐடி பேராசிரியர், பிரகாஷ் என்ற திட்டத்தில், வட இந்தியாவில் பிறவியிலேயே பார்வை இல்லாமல் வளர்ந்து பிறகு சிகிச்சையில் பார்வை பெற்றவர்களைப் பரிசோதித்தார். ஒரு வட்டமும் ஒரு சதுரமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிற கோட்டுப் படத்தைக் காட்டினால், நாம் இரண்டு என்போம். புதிதாகப் பார்வை வந்தவர்கள் கோடு வெட்டிக்கொள்கிற ஒவ்வொரு துண்டையும் தனிப் பொருளாக எண்ணினார்கள். அதில் ஒன்றை நகர்த்திக் காட்டினால் உடனே பிரித்துச் சொன்னார்கள். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் ஒரு சிக்குக் கோலத்தைப் பார்த்த உடனே கம்பி எங்கே போய் எங்கே வளைகிறது என்று கண்ணால் தொடர்கிறோமே, அதைச் செய்ய முடியாத ஒரு பார்வையும் இருக்கிறது.

ஜமக்காளத் தாத்தா (பவானி)

பேத்திதான் டைப் அடித்துக் கொடுக்கிறாள். எனக்கு 71 வயது. பவானியில் ஜமக்காளம் நெய்து வளர்ந்தவன், இப்போது நெய்வதில்லை.

தம்பி, எங்கள் பட்டை எல்லாம் அகலம். சிவப்பை ஒட்டிப் பச்சை வந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தும், சாம்பலோ பழுப்போ வந்தால் அது தன் நிறத்தை விட்டுவிடும். என் மாமனார் சொல்லிக்கொடுத்தது, இரண்டு பட்டைக்கு நடுவில் இரண்டு இழை, மூன்று இழை கறுப்பு விடு, அடங்கிவிடும் என்பார். ஏன் என்று அவருக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை. அந்தக் கறுப்பு நடுவில் இருந்தால் நிறம் அதனதன் இடத்தில் நிற்கும். அடுத்த பாவில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று சொல்கிறேன். ஆறு மாதம் முன்னால் வலது கண்ணில் புரை ஆபரேசன் ஆனது. இடது கண் இன்னும் செய்யவில்லை. கட்டு அவிழ்த்த அன்று என் வேட்டியைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் வேட்டி பழைய நெய் நிறம். இடதை மூடினால் நீலம் போட்டு அலசின மாதிரி வெள்ளை. ஒரே வேட்டி. மாற்றி மாற்றி மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கிழவிக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருசம் நெய்நிற வேட்டியையா வெள்ளை என்று கட்டினேன் என்று மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. முதலில் இருந்த அந்த நீலப் பளிச்சு இப்போது குறைந்துவிட்டது, வெள்ளை என்றே தெரிகிறது. உங்கள் பட்டறைக்காரருக்கும் கடைக்காரருக்கும் என்ன வயது?

மலைமுகம்

ஐயா, உங்கள் வேட்டியை நான் அடுத்த வருசம் வகுப்பில் சொல்லப்போகிறேன். வயசானால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகிக்கொண்டே வரும், நீல வெளிச்சம் உள்ளே குறைவாகத்தான் போகும். ஆனால் அது வருசக்கணக்கில் மெதுவாக நடப்பதால், மனம் அந்த மஞ்சளைக் கழித்துக் கழித்து எது வெள்ளை என்பதைத் திருத்தி வைத்துக்கொள்கிறது. ஆபரேசன் முடிந்த பின்னால் பழைய கணக்கு ஒத்துவராது, எல்லாம் நீலமாக அடிக்கும். மறுபடியும் சில மாதத்தில் திருத்திக்கொள்ளும், உங்களுக்கு நடந்தது அதுவேதான். ஓவியர் மோனேவுக்கு 1923ல் வலது கண்ணில் இதே ஆபரேசன் நடந்தது, அவரும் நிறம் மாறித் தெரிவதைச் சொல்லி ரொம்ப அல்லாடினார்.

உங்கள் மாமனாரின் கறுப்பு இழைக்கும் காரணம் உண்டு. நடுவில் கறுப்புக் கோடு வந்தால் இரண்டு நிறமும் நேராக ஓரத்தில் உரசுவதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனி வீடு என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

நானும் ஒன்று கேட்கலாமா? பனியன் துணி செக்கிங்தான் என் வேலை. ஒரு வாரமாகக் கறுப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட துணி, மெசினில் நேர் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும், எட்டு மணி நேரம் அதையே பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் கறுப்புக் கம்பி, அதற்கு நடுவில் தெரிகிற வெள்ளை வானம் லேசான ரோஸ். சுவரைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து பார்த்தாலும் ரோஸ் இருக்கிறது. கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பயமாக இருக்கிறது.

மலைமுகம்

பயப்படாதீர்கள் அம்மிணி. ஒன்றை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் நிற்கிற வெறும் பின்பிம்பமாக இருந்தால் சுவரில்தான் முதலில் தெரியும், சில நொடியில் போய்விடும். கோடு இருக்கிற இடத்தில் மட்டும் தெரிகிறது, ராத்திரி தாண்டியும் நிற்கிறது என்றால், சிலெஸ்ட் மக்கல்லாக் என்பவர் 1965ல் எழுதியதோடு ஒத்துப்போகிறது. நேர்க்கோடு என்றால் பச்சை இருக்கும் என்று உங்கள் பார்வை பழகிவிட்டது, அதனால் நேர்க்கோடு வருகிற இடத்தில் எல்லாம் பச்சையைக் கழித்துக்கொண்டிருக்கிறது. மணிக்கணக்கில், நாள் கணக்கில்கூட நிற்கும், கெடுதல் இல்லை. ஒரு சோதனை: ஜன்னல் முன்னால் நின்றுகொண்டு தலையை நன்றாகத் தோள் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கம்பி உங்கள் கண்ணுக்குச் சாய்வாகிவிட்டால் ரோஸ் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

செக்கிங் டேபிள்

சாய்த்தேன், போய்விட்டது. நிமிர்ந்தேன், வந்துவிட்டது. என் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவளுக்கு வெறும் வெள்ளைதான். மனசு லேசாச்சு, ரொம்ப நன்றிங்க.

தறிக்குழி

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். அட்டையை அவர் கையில் கொடுத்து, "அண்ணா, தப்பு என் பேரில்தான்" என்றேன். அவர் அட்டையைப் பார்க்கவே இல்லை, "டீ குடிக்கிறியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், நீலம் முக்கின நாளில் பக்கத்தில் காய்கிற சாம்பல் நூலைப் பார்த்துத் தானே பல தடவை குழம்பி இருப்பதாகச் சொன்னார். 20 வருசத்தில் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. தாத்தா கேட்ட கேள்விக்கு, அவருக்கு 63 வயது, கண் ஆபரேசன் இன்னும் இல்லை.

திங்கட்கிழமை லேப் தம்பியைத் திருப்பூரில் போய்ப் பார்த்தேன், நிறம் அளக்கிற மெசினில் வைத்து ரீடிங் எடுத்துக் கொடுத்தார். இரண்டு இழைக்கும் நடுவில் நிற வித்தியாசம் 0.3. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் பெரும்பாலும் 1க்குக் கீழே இருந்தால் சரி என்பார்களாம். அந்தத் தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஈரோட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "நூல் ஒன்றுதான், ஒத்துக்கிறேன். ஆனால் வாங்குகிறவங்களுக்கு இப்படித்தானே தெரியும், அவங்களுக்கு நான் அட்டை காட்ட முடியுமா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பிடித்த பணத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு டிசைனையும் இனி ஒரே கட்டில் செட்டாக விற்கப்போவதில்லை.

அடுத்த பாவு நேற்று தறியில் ஏற்றியாயிற்று. அகலப் பட்டைக்கு இரண்டு ஓரத்திலும் தாத்தா சொன்னபடி மூன்று இழை கறுப்பு. பொடிக்கோட்டை நாலு இழையில் இருந்து பன்னிரண்டு இழையாக ஆக்கிவிட்டேன். அறுத்து எடுக்க இன்னும் நாலு நாள் ஆகும், எடுத்ததும் பகல் வெளிச்சத்தில் வைத்துப் படம் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.